கோட்டை வாசலும் கோடரியும்: செஞ்சிச் சீமையில் இளைஞர் பிழைப்பின் வரலாறு

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள சிறு குன்றொன்றைக் குடைந்து, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தாமலே அது எழுப்பப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு பெருமையுடன் அறிவிக்கிறது. செய்வித்த அரசனின் விருதுப் பெயரும் அதில் உண்டு. பாறையில் உளி பிடித்துக் குடைந்தவர்களின் பெயர்கள் அந்தக் கல்வெட்டில் இல்லை. அவர்கள் எத்தனை பேர், எந்த ஊர் இளைஞர்கள், வேலை முடிந்தபின் எங்கே சென்றார்கள் என்பதைச் சொல்ல இன்று எந்தச் சான்றும் கிடையாது. கைத்தொழில் மட்டும் அவர்களுடன் போயிருக்கும். அடுத்த பாறையிலும் அது அவர்களுக்குச் சோறு போட்டிருக்கும்.

இன்று நம் வீடுகளில் மிக அதிகமாகப் பேசப்படும் கவலை, பிள்ளைகளின் வேலை குறித்ததே. பட்டம் பெற்ற மகன் வீட்டில் இருக்கிறான். படித்த மகளுக்கு உள்ளூரில் பணி இல்லை. வளைகுடாவிலிருந்து திரும்பிய தம்பிக்கு இங்கே எதைத் தொடங்குவதென்று தெரியவில்லை. இந்தக் கவலை நம் தலைமுறையில் புதிதாக முளைத்தது போலத் தோன்றுகிறது. ஆயினும் செஞ்சிச் சீமையின் வரலாற்றைப் புரட்டினால், நம் முன்னோர் இதே கவலையைக் குறைந்தது மூன்று முறையேனும் சந்தித்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு முறையும் ஆட்சியோ சட்டமோ மாறியபோது, ஒரே வாசலை நம்பியிருந்த இளைஞர் கூட்டம் வெளியே நின்றது. அந்த அனுபவத்திலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய உள்ளது.

கோட்டை கொடுத்த சோறு

செஞ்சிக் கோட்டையை இன்று காண்போர் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் நெடுமதிலையும் கண்டு வியக்கின்றனர். குதிரை லாயத்தையும் நெற்களஞ்சியத்தையும் சற்று நின்று நோக்கினால் வேறொரு காட்சி மனத்தில் விரியும். குதிரைகள் இருந்தால் லாடம் கட்டுவோர், புல் அறுப்போர், சேணம் தைப்போர் தேவை. களஞ்சியம் இருந்தால் அளப்போர், கணக்கெழுதுவோர், சுமப்போர் தேவை. பீரங்கி இருந்தால் கொல்லரும் மருந்திடுவோரும் தேவை. கோட்டை என்பது அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தின் மிகப் பெரிய வேலைவாய்ப்பு நிலையம்.

அதன் உரிமையாளர்கள் அடிக்கடி மாறினர். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை நாயக்கர்களிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றியது. 1677இல் சிவாஜியின் கைக்குச் சென்றது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகார் கான் 1690 முதல் முற்றுகையிட்டு 1698இல் அதனைப் பிடித்தார். ஏறத்தாழ எட்டாண்டுகள் நீண்ட அந்த முற்றுகைக் காலத்தில் சுற்றுவட்டார உழவர்கள் பட்ட துன்பம் ஒருபுறம் இருக்க, படைத்தொழிலை நாடி வந்தவர்களும் பெருகினர். தக்காணத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்கள் ஆற்காட்டுச் சீமையெங்கும் தங்கின. தக்கனி உருது பேசுவோரும் தமிழ் பேசும் லெப்பைக் குடும்பங்களும் அருகருகே வாழும் இன்றைய நிலைக்கு அந்த நூற்றாண்டே வித்திட்டது.

1714இல் நடந்த போரை நாம் எல்லோரும் அறிவோம். செஞ்சியை ஆண்ட தேசிங்கு, ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் படையை எதிர்த்து நின்று மடிந்தான். அவனுடைய உயிர்த்தோழன் மஹபத் கான், தன் திருமண நாளிலேயே போருக்குப் புறப்பட்டு நண்பனுடன் உயிர்நீத்ததாக மக்களின் கதைப்பாடல் சொல்கிறது. இந்து அரசனுக்காக முஸ்லிம் வீரன் ஒருவன் முஸ்லிம் நவாபின் படையோடு பொருதினான் என்பதை நட்பின் மேன்மைக்குச் சான்றாகப் பலர் எடுத்துரைப்பர். அதில் ஐயமில்லை. அத்துடன் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றைய இளைஞனுக்கு, அவன் எந்தச் சமயத்தவனாயினும், மதிப்பும் வருவாயும் ஒருங்கே தந்த தொழில் போர்த்தொழில் ஒன்றே. மணமேடையிலிருந்தும் அவனை அழைத்துச் செல்லும் வலிமை அதற்கு இருந்தது.

வெற்றிக்குப் பின் சஆதத்துல்லா கான் கோட்டைக்குள் கட்டுவித்த பள்ளிவாசல் 1717–18ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்றும் அது நிற்கிறது. ஆயினும் நவாபின் தலைநகரம் ஆற்காடாயிற்று. ஆட்சி பீடம் நகர்ந்தவுடன் செஞ்சியின் முதன்மை குறையத் தொடங்கியது. 1750இல் பிரெஞ்சுக்காரர்களிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் அது சென்றது. 1780இல் ஹைதர் அலியின் படை அதனைப் பிடித்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், போர்க்கோட்டை என்ற வகையில் செஞ்சிக்கு வேலை இல்லாமற் போயிற்று.

வாசல் மூடப்பட்டபோது

கோட்டைக்கு வேலை இல்லையென்றால் கோட்டையை நம்பியிருந்தவனுக்கும் வேலை இல்லை.

அக்காலக் குதிரைவீரரில் பலர் சொந்தக் குதிரையுடன் வந்து சேவகம் செய்தவர்கள். குதிரை போரில் மடிந்தால் அவர்களுடைய பிழைப்பும் மடிந்தது. நவாபுகள் காலத்திலேயே கடன் பெருகிச் சம்பளப் பாக்கி தேங்கியது. பாக்கி கேட்டுப் படைகள் கிளர்ந்ததும் உண்டு. இந்நிலையில் 1801 ஜூலையில் ஆங்கிலக் கம்பெனி கருநாடக ஒப்பந்தத்தின் வழியே நாட்டின் நிர்வாகத்தையும் படையையும் முழுவதுமாகத் தன் வசமாக்கிக்கொண்டது. நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபின் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. நவாபுக்கு மானியம் கிடைத்தது. அவருடைய சேவகத்தை நம்பியிருந்த வீரனின் மகனுக்கு அது இல்லை.

கம்பெனியின் மதராஸ் படையில் முஸ்லிம்கள் சிப்பாய்களாகச் சேர்ந்தனர். எனினும் சுபேதார் பதவிக்கு மேல் இந்தியர் எவரும் உயர முடியாது. முன்பு படைத்தலைவராகும் கனவுடன் வாள் பிடித்தவன், இப்போது கூலிச் சிப்பாயாகவே ஓய்வுபெற வேண்டியதாயிற்று. எழுத்துத் தொழிலிலும் மாற்றம் வந்தது. பாரசீகம் கற்றவர்களுக்கு முன்பு முன்ஷி வேலை கிடைத்துவந்தது. 1837இல் கம்பெனி அரசு நீதிமன்றங்களிலும் வருவாய்த் துறையிலும் பாரசீகத்தைக் கைவிடச் சட்டம் இயற்றியது. 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தபோது, டல்ஹௌசி பிரபு நவாப் பட்டத்தையே ஒழித்தார். இவ்வாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் படை, தர்பார், பாரசீக எழுத்து ஆகிய மூன்று வாசல்களும் மூடின.

இதே காலத்தில் வேறு சில முஸ்லிம் குடும்பங்கள் தளராமல் நின்றன. கடற்கரையில் கப்பல் வணிகம் செய்த மரைக்காயர்கள், உள்நாட்டில் ஆடுமாட்டுத் தோலைப் பதனிட்டு விற்ற வணிகர்கள், நெசவும் பாய் முடைதலும் அறிந்தவர்கள் ஆகியோருக்கும் அந்த நூற்றாண்டில் இடர் வந்தது. எனினும் அவர்களது தொழில் ஓர் ஆட்சியாளரின் அருளில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. வட ஆற்காட்டு வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பகுதிகளின் தோல் வணிகர்கள் பிற்காலத்தில் சமுதாயக் கல்விக்கே தூணாக விளங்கினர் என்பதை அடுத்துக் காண்போம்.

அரசின் கண்ணில் பட்ட குறை

1871இல் வைசிராய் மேயோ பிரபுவின் அரசு, முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியிருப்பதைச் சுட்டித் தீர்மானம் இயற்றியது. அதைத் தொடர்ந்து 1872இல் ஹோபார்ட் பிரபு ஆளுநராக இருந்த மதராஸ் அரசு, பள்ளிகளிலும் அரசுப் பணியிலும் முஸ்லிம்கள் மிகச் சிலரே இருப்பதை ஒப்புக்கொண்டது. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் தொடக்கப் பள்ளிகளைத் திறக்கவும், அவர்களுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் அது ஆணையிட்டது. 1882இல் ஹண்டர் தலைமையிலான கல்விக் குழு இன்னும் ஓரடி முன்னே சென்றது. உதவித்தொகை, சிறப்புப் பள்ளிகள் ஆகியவற்றுடன், படித்த முஸ்லிம்களுக்கு அரசுப் பணிகள் எந்த விகிதத்தில் கிடைக்கின்றன என்பதையும் மாகாண அரசுகள் கவனிக்க வேண்டுமென அது பரிந்துரைத்தது. கல்வியையும் வேலையையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்த்த தொடக்ககால அரசு ஆவணங்களுள் அதுவும் ஒன்று.

ஆணை வந்தவுடன் நிலைமை மாறிவிடவில்லை. பள்ளி திறந்தாலும் பிள்ளையை அனுப்பும் மனம் வேண்டும். ஆங்கிலக் கல்வி மார்க்கத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் பல வீடுகளில் இருந்தது. அந்த அச்சத்தை இன்று எள்ளி நகையாடுவது எளிது. ஆட்சியை இழந்து, மொழியை இழந்து, எஞ்சியிருந்த நம்பிக்கையையும் இழந்துவிடுவோமோ என்று கலங்கியவர்களின் அச்சம் அது. அதனைப் போக்க அரசாங்க உத்தரவால் இயலவில்லை. மார்க்கமும் நவீனக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் நிறுவனங்களைச் சமுதாயமே எழுப்பியபோதுதான் அது தணிந்தது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. தோல் வணிகர்களின் பொருளும் உழைப்பும் அதன் அடித்தளம்.

பன்னிரண்டில் இரண்டு

சுப்பராயன் அமைச்சரவையின் காலத்தில், 1927இல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. அரசுப் பணியிடங்கள் பன்னிரண்டு இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1 எனப் பங்கு வகுக்கப்பட்டது. அன்றைய மதராஸ் மாகாணத்தில் மலபாரும் சேர்ந்திருந்தமையால் மாப்பிளா முஸ்லிம்களும் இந்த இரண்டில் அடங்குவர். நாடு விடுதலை பெற்ற 1947இல் இந்த முறை திருத்தப்பட்டு, பதினான்கில் ஒன்று முஸ்லிம்களுக்கு என்றாயிற்று.

1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாதென்று தீர்ப்பளித்தது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய அந்த வழக்குடன், முன்சீப் பணி தொடர்பான வெங்கடரமணா வழக்கிலும் தீர்ப்பு அவ்வாறே அமைந்தது. தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. லெப்பை முதலிய பிரிவினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் வழியே பயன்பெற்றனர். ஆனால் முஸ்லிம்களுக்கென்று இருந்த தனிப் பங்கு முடிவுற்றது. இரண்டாம் முறையாக ஒரு வாசல் மூடியது.

அதே 1951ஆம் ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது கல்லூரியும் திறக்கப்பட்டன. தீர்ப்புக்கு விடையாக அவை தோன்றின என்று சொல்வது பொருந்தாது. பல ஆண்டு உழைப்பு அதற்கு முன்பே நடந்திருந்தது. ஆனால் சட்டம் ஒரு கதவை மூடிய ஆண்டில் சமுதாயம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருந்தது. தொடர்ந்து 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, அதே ஆண்டில் நீதியரசர் பஷீர் அகமது சயீத் சென்னையில் பெண்களுக்கென நிறுவிய கல்லூரி, 1956இல் உத்தமபாளையம், 1965இல் மேல்விஷாரம், 1969இல் ஆம்பூர், 1970இல் இளையான்குடி, 1971இல் திருநெல்வேலி எனக் கல்லூரிகள் எழுந்தன. அவற்றில் பிற சமயத்து ஏழைப் பிள்ளைகளும் பெருமளவில் படித்தனர், இன்றும் படிக்கின்றனர். கோட்டை மதிலுக்குள் பங்கு கேட்ட சமுதாயம், தானே மதிலற்ற வாசல்களை அமைத்த காலம் அது.

3.5 விழுக்காட்டின் கணக்கு

2005இல் அமைக்கப்பட்ட நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு, 2006 நவம்பரில் அறிக்கையை அளித்தது. நிலையான ஊதியம் தரும் பணிகளில் முஸ்லிம்களின் பங்கு மிகக் குறைவென்றும், சிறுதொழிலிலும் சுயதொழிலிலும் அவர்கள் மிகுதியாக இருப்பதாகவும் அது எடுத்துக்காட்டியது. அடுத்த ஆண்டு, 2007 செப்டம்பரில், தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கியது. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்டோர்), மாப்பிளா, ஷேக், சையத் என ஏழு பிரிவினர் இதற்குள் வருகின்றனர். ஏறத்தாழ 56 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கிடைத்த தனிப் பங்கு இது. இதன் வழியே மருத்துவரும் பொறியாளரும் அரசு அலுவலரும் ஆனவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. இதற்காகப் போராடியவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம்.

ஆயினும் கணக்கையும் நேராகப் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் நடந்த தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். 6,244இல் 3.5 விழுக்காடு என்பது ஏறக்குறைய 218. பின்னர் பணியிடங்கள் கூட்டப்பட்டன. பொதுப் பிரிவிலும் நம் பிள்ளைகள் வெல்லலாம். என்றாலும் அளவு விளங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 42 லட்சத்துக்கு மேல், மொத்தத்தில் 5.86 விழுக்காடு. அவர்களுடைய இளைஞர் அனைவருக்கும் சேர்த்து 218 நாற்காலிகள்.

இட ஒதுக்கீடு நியாயத்தை நிலைநாட்டுகிறது. பங்கு மறுக்கப்படாமல் காக்கிறது. வேலைகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இன்று தமிழகத்தில் கல்லூரி வயதினரில் ஏறத்தாழ பாதிப்பேர் உயர்கல்வியில் சேர்கின்றனர். 2021–22 கணக்கில் இவ்விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரியோ 28.4. இது பெருமைக்குரியது. ஆனால் படிக்காதவர்களைவிடப் பட்டதாரிகளிடையே வேலையின்மை மிகுந்திருப்பதை அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டுகின்றன. வறியவர் எந்த வேலையையும் ஏற்று உழைக்கின்றனர். படித்தவர் படிப்புக்கேற்ற வேலை வரும்வரை காத்திருக்கின்றனர். அந்தக் காத்திருப்பின் ஆண்டுகளே இளமையின் விலைமதிப்பற்ற ஆண்டுகள்.

பாலைவனத்தில் ஒரு கோட்டை

காத்திருக்க இயலாதவர்கள் கடல் கடந்தனர். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் கட்டுமானம் பெருகியது. பர்மா, இலங்கை, மலாயா என்று முன்பு சென்ற நம்மவர் இப்போது துபாய், சவூதி, குவைத் நோக்கிச் சென்றனர். அந்தப் பணம் குமர் கரை சேர்த்தது, வீடு கட்டியது, பள்ளிவாசல்களைப் புதுப்பித்தது. அதன் நன்மையை மறுப்பது நன்றிகெட்ட செயல்.

எனினும் அதுவும் பிறர் கையிலுள்ள கோட்டை வாசலே. 1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ 1.7 லட்சம் இந்தியர் விமானம் வழியே மீட்கப்பட்டனர். பலர் உடுத்திய துணியுடன் வந்து இறங்கினர். 2011இல் சவூதி அரசு தன் நாட்டு இளைஞருக்கு வேலை தரும் பொருட்டு நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2020இல் பெருந்தொற்று வந்தது. சவூதி அரசைக் குறை சொல்வதற்கில்லை. தன் பிள்ளைகளுக்கு வேலை தேடுவது எந்த அரசுக்கும் கடமை. நம் இளைஞருக்கு வேறு வழி இல்லாதிருந்ததே நம் குறை. திரும்பி வந்தவர்களுள் மின்பணி, குளிர்சாதனப் பணி, பற்றவைப்பு, சமையல் முதலியவற்றைக் கைவரப்பெற்றவர்கள் ஊரில் காலூன்றினர். வெறும் விசாவை மட்டும் நம்பிச் சென்றவர்கள் அடுத்த விசாவுக்குக் கடன் வாங்கினர்.

இரண்டு திர்ஹமும் ஒரு கோடரியும்

அன்சாரித் தோழர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து உதவி கேட்ட நிகழ்ச்சி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. அவர் வீட்டில் என்ன இருக்கிறதென்று அண்ணலார் வினவினார்கள். ஒரு துணியும் ஒரு நீர்க்கிண்ணமும் இருந்தன. அவற்றை வரவழைத்து, தோழர்களிடையே ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்குக் குடும்பத்துக்கு உணவு வாங்கச் சொன்னார்கள். மற்றொன்றுக்குக் கோடரி வாங்கிவரச் செய்து, தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்தித் தந்தார்கள். விறகு வெட்டி விற்குமாறும் பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படவேண்டாமென்றும் கூறி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் ஈட்டித் திரும்பி வந்தார்.

இன்றைய சமூகக் கொள்கையின் கூறுகள் யாவும் இதில் உள்ளன. வந்தவரின் நிலை முதலில் விசாரிக்கப்பட்டது. அவருடைய சொந்தப் பொருளே முதலாயிற்று. முதல் திர்ஹம் பசிக்குச் சென்றது. பசித்த குடும்பத்தை விட்டுவிட்டுத் தொழில் கற்கச் சொல்லவில்லை. இரண்டாவது கருவிக்குச் சென்றது. காலக்கெடு வைக்கப்பட்டது, முடிவில் கணக்கும் பார்க்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சமுதாயத்தின் தலைவரே காம்பைப் பொருத்தினார்கள்.

நம் ஜகாத் முறையிலும் இந்த நோக்கு உண்டு. தொழில் அறிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கவும், வணிகம் அறிந்தவருக்கு முதல் கிடைக்கவும் ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். ரமளானில் பலருக்குச் சிறு தொகைகளாகப் பிரித்துத் தருவது பசியின் திர்ஹம். ஆண்டுக்கு நான்கு இளைஞருக்கேனும் தையல் இயந்திரமோ, மின்பணிக் கருவிகளோ, தொழிற்பயிற்சிக் கட்டணமோ தருவது கோடரியின் திர்ஹம். நம் மஹல்லாக்களின் பைத்துல்மால் கணக்கில் இவ்விரண்டும் எந்த விகிதத்தில் உள்ளன என்று ஒருமுறை பார்ப்பது நலம்.

அரசின் கதவுகளையும் நாம் முழுமையாகத் தட்டவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு முடித்தோருக்கு இடமுண்டு. அவற்றை மதிப்புக் குறைவாக எண்ணி, விருப்பமில்லாத பட்டப்படிப்பில் மூன்றாண்டுகளைக் கழிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவருக்குத் திறன் பயிற்சி அளிக்கிறது. தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் சிறுதொழிலுக்குக் கடன் வழங்குகிறது. அதன் நிபந்தனைகளை விசாரித்து, மார்க்க வரம்புக்கு ஒத்ததா என்று ஆலிம்களிடம் தெளிவு பெற்று முடிவு செய்யலாம். சாதிச் சான்றிதழில் பிரிவின் பெயர் சரியாக உள்ளதா என்பதைப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வருமுன்பே பார்த்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து இடத்தை இழப்பதைத் தவிர்க்கலாம்.

பெண்மக்களையும் இந்தக் கணக்கிலிருந்து விடக்கூடாது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகச் செல்வந்தராக இருந்ததையும், அவர்களுடைய சரக்குடன் அண்ணலார் (ஸல்) ஷாம் நாட்டுக்குப் பயணம் செய்ததையும் நாம் மேடைதோறும் கூறுகிறோம். கல்லூரி முடித்த மகளின் சான்றிதழ் அலமாரியில் கிடக்கும்போது அந்த வரலாறு நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது.

மீண்டும் செஞ்சியில்

2025 ஜூலையில் மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. பன்னிரண்டாவது நம் செஞ்சிக் கோட்டை. இரு நூற்றாண்டுகளுக்கு முன் வேலை கொடுப்பதை நிறுத்திய கோட்டை, இனி மீண்டும் சிலருக்கேனும் வேலை தரக்கூடும். வழிகாட்டிகள், மொழிபெயர்ப்பாளர்கள், தங்குமிடம் நடத்துவோர், பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு அறிந்த கொத்தர்கள், கல்தச்சர்கள் தேவைப்படுவர். சஆதத்துல்லா கான் பள்ளிவாசலில் உள்ள பாரசீகக் கல்வெட்டைப் படித்து, வருவோருக்கு மூன்று மொழிகளில் விளக்கிச் சொல்லும் ஓர் இளைஞன் நம் மதரஸாவிலிருந்து எழலாம். அவன் படித்த அரபியும் உருதுவும் அவனுக்குச் சோறும் மதிப்பும் தரலாம். அதற்கு இப்போதே அவனை ஆயத்தம் செய்தாக வேண்டும். வாய்ப்பு வந்தபின் ஆள் தேடினால் வேறு ஊரிலிருந்து ஆள் வந்துவிடும்.

வாசலைத் திறக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. 1872, 1927, 2007 ஆகிய ஆண்டுகளின் ஆணைகள் அவ்வாறே கிடைத்தன. இனியும் கேட்க வேண்டும். வாசல் திறக்கும் நாளில் உள்ளே நுழையத் தகுதியுள்ள பிள்ளையை வளர்த்து வைத்திருப்பதும், மூடும் நாளில் அவன் கையில் ஒரு கோடரியேனும் இருக்கச் செய்வதும் நம் கடமை. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின், நம் மஹல்லாவில் வேலையின்றி இருக்கும் இளைஞர் எத்தனை பேர், அவர்கள் கையில் என்ன தொழில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதத் தொடங்குவோம். அண்ணலார் அந்தத் தோழரிடம் முதலில் கேட்டதும் வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான வாழ்வாதாரத்தையும், பிறரிடம் கையேந்தாத கண்ணியத்தையும், பிறருக்குக் கொடுக்கும் கையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.